கேட்கிறவர் இருந்தால்தான் சான்றிதழுக்கு விலை

ஓட்டப்பிடாரம், பாஞ்சாலங்குறிச்சி பக்கத்துக் கிராமங்களிலிருந்து கோவில்பட்டிக்கோ தூத்துக்குடிக்கோ பஸ் ஏறிப் போய்ப் பொறியியல் படிக்கிற பிள்ளைகள், மூன்றாம் ஆண்டு வந்ததும் வீட்டில் ஒரு புதுப் பேச்சை எடுக்கிறார்கள்: "ஏ.டபிள்யூ.எஸ். பரீட்சைக்குப் பணம் கட்டணும்." காலேஜ் ஃபீஸ் கட்டியாயிற்று, பஸ் பாஸ் எடுத்தாயிற்று, இது என்ன தனிப் பரீட்சை என்று வீட்டில் உள்ளவர்களுக்குப் புரிவதில்லை. தொகை மட்டும் புரிகிறது.

அமேசானின் கிளவுட் பிரிவான ஏ.டபிள்யூ.எஸ். நடத்தும் அசோசியேட் நிலைத் தேர்வுக்குக் கட்டணம் 150 டாலர். டாலருக்கு 85 ரூபாய் என்று குறைத்தே வைத்தாலும் 12,750 ரூபாய். அதன்மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. ஆக மொத்தம் 15,045. நூறு நாள் வேலைக்கு 2025-26-ல் தமிழ்நாட்டுக்கு நிர்ணயித்த தினக்கூலி 336 ரூபாய்; அந்தக் கணக்கில் இது 45 நாள் கூலி. தேர்வில் தோற்றால் 14 நாள் கழித்து மறுபடியும் எழுதலாம், மறுபடியும் முழுக் கட்டணம். தேறினால் அந்தச் சான்றிதழ் மூன்று ஆண்டுகள் செல்லும். அதற்குப் பிறகு புதுப்பிக்க வேண்டும்.

பணம் கட்டலாமா, வேண்டாமா? இந்தத் துறையில் இருப்பவர்களிடம் கேட்டால் ஒருவர் "கண்டிப்பா பண்ணு" என்பார், இன்னொருவர் "வேஸ்ட்" என்பார். இருவருமே தங்கள் அனுபவத்தில் உண்மையைத்தான் சொல்கிறார்கள். அவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: உங்களிடம் அந்தச் சான்றிதழை யார் கேட்டார்கள்?

இதற்கு நம் ஊரிலேயே பழைய உதாரணம் உண்டு. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட். அங்கே லோயர், ஹையர் முடித்தவர்கள் எதற்காக முடித்தார்கள் என்பதில் குழப்பமே கிடையாது. டி.என்.பி.எஸ்.சி. தட்டச்சர் பணிக்கு அந்தத் தேர்ச்சி வேண்டும் என்று விதியே இருக்கிறது. தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்துகிற 'கம்ப்யூட்டர் ஆன் ஆபீஸ் ஆட்டோமேஷன்' தேர்வும் அப்படித்தான். சி.ஓ.ஏ. என்றால் எல்லோருக்கும் தெரியும். அது இல்லாமல் தட்டச்சராகத் தேர்வானால், தகுதிகாண் பருவத்துக்குள் முடித்தாக வேண்டும். அதில் சொல்லித்தருவது பெரிய கணினி அறிவியல் ஒன்றும் இல்லை. பல பிள்ளைகளுக்கு அது முன்பே தெரிந்த சங்கதியாகக்கூட இருக்கும். ஆனாலும் அந்தத் தாளுக்கு விலை உண்டு. கேட்கிறவர் இருக்கிறார், எழுத்தில் கேட்கிறார்.

இதற்கு நேர் எதிரான தாளையும் நான் பார்த்திருக்கிறேன், பார்த்ததென்ன, வாங்கியே இருக்கிறேன். படிப்பு முடிந்த கையோடு ஒரு கணினிப் பயிற்சி மையத்தில் ஒரு வருட டிப்ளமோ. ஓரத்தில் தங்க நிறக் கோடு, நடுவில் பூமிப்பந்து படம், 'இன்டர்நேஷனல்' என்ற சொல் இரண்டு இடத்தில். லேமினேட் செய்து ஃபைலில் முதல் தாளாக வைத்திருந்தேன். போன நேர்காணல் எதிலும் அந்தத் தாளை யாரும் நிறுத்திப் பார்க்கவில்லை. பக்கத்தைப் புரட்டிவிட்டு மார்க் ஷீட்டுக்குப் போய்விட்டார்கள். நான் வாங்கியது, வகுப்புக்கு வந்து பணம் கட்டினேன் என்பதற்கான ரசீது என்று பிறகுதான் உறைத்தது.

இந்த வித்தியாசத்தை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். பயிற்சி மையம் தன் பெயரில் கொடுக்கும் 'கோர்ஸ் முடித்த' தாள் வேறு. மென்பொருளை உருவாக்கிய நிறுவனமோ பொது அமைப்போ கண்காணிப்போடு தேர்வு வைத்துக் கொடுக்கும் சான்றிதழ் வேறு. பின்னதை இணையத்தில் ஒரு சுட்டியைத் தட்டி யாரும் சரிபார்க்கலாம். "எங்களிடம் படித்தால் ஏ.டபிள்யூ.எஸ். சான்றிதழ்" என்று பேனர் கட்டும் மையத்தில் 40,000 கட்டுவதற்கு முன், அந்தத் தொகையில் உண்மையான தேர்வுக் கட்டணம் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். பதில் சுற்றி வளைத்து வந்தால் புரிந்துகொள்ளலாம்.

சரி, உண்மையான சான்றிதழைக் கேட்கிறவர் யார்? முதல் ஆள், நாம் நினைப்பதுபோல், நேர்காணல் செய்கிற பொறியாளர் இல்லை. ஐ.டி. சேவை நிறுவனங்களின் வியாபாரப் பிரிவு. அமேசான், மைக்ரோசாப்ட் போன்றவர்கள் இந்த நிறுவனங்களுக்குப் 'பார்ட்னர்' தகுதியைப் படிப்படியாக வைத்திருக்கிறார்கள். மேல் படிக்குப் போக, தேர்வில் தேறிய ஊழியர்கள் இத்தனை பேர் வேண்டும் என்பது நிபந்தனைகளில் ஒன்று. வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் டெண்டர் போடும்போதும் அந்தத் தலைக்கணக்கு கைகொடுக்கும். அதனால்தான் வேலைக்குச் சேர்ந்த பிறகு பல நிறுவனங்கள் தேர்வுக் கட்டணத்தைத் தாங்களே கட்டுகின்றன, அல்லது தேறி வந்தால் திருப்பித் தருகின்றன. நிறுவனத்துக்குத் தேவைப்படுகிற ஒன்றுக்கு ஊழியர் ஏன் கையிலிருந்து செலவழிக்க வேண்டும்? சான்றிதழோ ஊழியரின் பெயரில் இருக்கிறது. அவர் வேறு கம்பெனிக்குப் போனால் அதுவும் கூடவே போய்விடும். சம்பளப் பேச்சில் இதைப் பயன்படுத்தத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

இன்னும் கறாராகக் கேட்ட இடம் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை. 2005-ல் அவர்கள் கொண்டுவந்த விதிப்படி, அத்துறையின் கணினிப் பாதுகாப்பு வேலைகளில் இருப்பவர்கள் செக்யூரிட்டி பிளஸ் போன்ற அங்கீகரிக்கப்பட்ட சான்றிதழ் ஒன்றை வைத்திருக்க வேண்டியிருந்தது. நம் ஊர்த் தட்டச்சர் விதியின் அண்ணன் என்று சொல்லலாம்.

விதி எதுவும் இல்லாத இடத்தில் சான்றிதழ் என்ன செய்யும்? கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீடு வந்த மறுநாள் மிட்டாயின் ருசி கூடிவிடவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் தலைமுறையாக வாங்குகிறவர்கள் அதைக் கேட்கவும் இல்லை. டெல்லியிலோ துபாயிலோ முதல் தடவை பாக்கெட்டைக் கையில் எடுக்கிற, இதுவரை தின்று பார்க்காத ஆளுக்குத்தான் அந்தக் குறியீடு பேசுகிறது. மென்பொருள் சான்றிதழும் அப்படித்தான்: நம்மைத் தெரியாத ஆளிடம், நாம் பேசத் தொடங்கும் முன்னால், ஒரு வார்த்தை சொல்லி வைக்கும்.

பொருளாதார அறிஞர் மைக்கேல் ஸ்பென்ஸ் 1973-ல் எழுதிய ஆய்வு இதைத்தான் ஆராய்ந்தது. 2001-ல் அவருக்கு நோபல் கிடைத்ததும் இந்த வகை ஆய்வுக்காகவே. வேலை கொடுப்பவருக்கு ஆளின் திறமை வெளியே தெரியாது. ஆகவே ஓர் அடையாளத்தைப் பார்க்கிறார். திறமை உள்ளவருக்கு அந்த அடையாளம் சுலபமாகவும், இல்லாதவருக்கு எட்டாததாகவும் இருக்கும்வரை அது செல்லுபடியாகும். எல்லோருக்கும் எட்டிவிட்டால் முடிந்தது கதை.

அந்தக் கதை ஒரு தடவை முடிந்தும் இருக்கிறது. 1990-களின் கடைசியில் மைக்ரோசாப்டின் எம்.சி.எஸ்.இ. சான்றிதழ் என்றால் நல்ல மதிப்பு. பிறகு, கேள்விகளை வெளியே எடுத்து விற்கிற 'டம்ப்ஸ்' பரவியது. மனப்பாடம் செய்து தேறியவர்கள் வேலையில் சர்வர் முன்னால் கைகட்டி நிற்க, 'பேப்பர் எம்.சி.எஸ்.இ.' என்று கேலிப்பெயரே வந்துவிட்டது. 2021 ஜனவரியில் அந்தச் சான்றிதழை மைக்ரோசாப்ட் நிறுத்திவிட்டது. லினக்ஸ் நிறுவனமான ரெட் ஹேட் வேறு வழியில் போனது. அவர்களுடைய தேர்வில் டிக் அடிக்க எதுவும் கிடையாது. ஓடுகிற கணினி ஒன்றைக் கொடுத்து, இதைச் சரிசெய், அதை அமை என்பார்கள். குபர்னட்டீஸ் என்ற கிளவுட் மென்பொருளுக்கான நிர்வாகத் தேர்வு சி.கே.ஏ.வும் அதே மாதிரி. பணம் கட்டுவதென்று முடிவானால், கைவேலையைச் சோதிக்கிற இந்த வகைத் தேர்வுக்கே என் ஓட்டு. டம்ப்ஸ் படித்துத் தேறுவதில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. ரெஸ்யூமில் எழுதியதிலிருந்துதான் நேர்காணலில் முதல் கேள்வி வரும்.

திறமையை நேரடியாகவே சோதித்துக்கொள்கிற இடத்தில் சான்றிதழுக்கு வேலை இல்லை. தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் இயங்கும் ஜோஹோவைக் கரிசல் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். அந்த நிறுவனம் 2004-ல் தொடங்கிய பள்ளி, பிளஸ் டூ முடித்தவர்களை எடுத்து, உதவித்தொகை கொடுத்துப் பழக்கி வேலையில் வைத்துக்கொள்கிறது. பட்டத்தையே கேட்காதவர்கள் பேட்ஜையா கேட்கப் போகிறார்கள்? அங்கே நேர்காணலுக்குப் போகிறவர்கள் சுற்றுச் சுற்றாக புரோகிராம் எழுதிக் காட்ட வேண்டும். அதற்கு ஆகிற செலவு நேரம்தான்.

கரிசல் மானாவாரியில் மழை விழுமுன்னே புழுதியில் விதைக்கிற வழக்கம் உண்டு. எந்தப் பட்டத்தில் மழை இறங்கும் என்ற கணக்கு வைத்துத்தான் விதைக்கிறார்கள். மூன்றாம் ஆண்டு மாணவர் 15,000 ரூபாய்த் தேர்வு எழுதுவது மழைக் கணக்கு இல்லாத புழுதி விதைப்பு. எந்தப் பிரிவில் வேலை கிடைக்கும் என்பதே தெரியாது. கிளவுடில் தேறியவரைக் கம்பெனி டெஸ்டிங்கில் உட்கார வைக்கலாம். மூன்று ஆண்டுக் கெடுவில் பாதி, கல்லூரியிலேயே கழிந்துவிடும்.

அதற்காகக் கைகட்டி இருக்க வேண்டியதில்லை. ஐ.ஐ.டி.கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். படிப்புகளைப் பார்க்கக் காசு கிடையாது. சான்றிதழ் வேண்டுமானால் தேர்வுக் கட்டணம் 1,000 ரூபாய். மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும், மதிப்பெண்ணும் சான்றிதழிலேயே இருக்கும். கல்லூரி ஒப்புக்கொண்டால் விருப்பப் பாடத்துக்குப் பதிலாகவும் கணக்கில் சேரும். 2022 மார்ச் 1-ல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தில் கல்லூரி வழியாகவே கட்டணமில்லாமல் படிப்புகள் வருகின்றன. இவற்றை அலட்சியமாக முடித்துவிட்டு வெளியே பணம் கட்டித் தேடுகிற பிள்ளைகளைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

விதிவிலக்கு இருக்கிறது. நெட்வொர்க்கிங் வேலைதான் வேண்டும் என்று தீர்மானித்தவருக்குச் சிஸ்கோவின் சி.சி.என்.ஏ. உதவும், 300 டாலர், மூன்று ஆண்டு. ஏழெட்டு வருடம் டெஸ்டிங்கில் இருந்துவிட்டுக் கிளவுட் பக்கம் மாற நினைப்பவருக்கு, பழைய அனுபவம் சொல்லாததைச் சான்றிதழ் சொல்லும். மைக்ரோசாப்டின் அடிப்படை நிலைச் சான்றிதழ்கள் காலாவதி ஆவதில்லை. அசோசியேட் நிலை ஓராண்டுதான், ஆனால் புதுப்பிக்கக் கட்டணம் இல்லை. எதுவானாலும், பணம் கட்டுமுன் நீங்கள் போக விரும்பும் வேலைக்கு வந்த இருபது விளம்பரங்களை எடுத்து, எத்தனையில் அந்தச் சான்றிதழின் பெயர் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஒரு மணி நேர வேலை.

கட்டிவிட்டீர்கள் என்றால், தேர்வை வீட்டிலிருந்தே எழுதலாம் என்ற வசதியை மட்டும் யோசித்து எடுங்கள். அறையில் நீங்கள் ஒருவர்தான் இருக்க வேண்டும், கேமரா ஓடிக்கொண்டே இருக்கும், யாராவது உள்ளே எட்டிப் பார்த்தால்கூடத் தேர்வு ரத்தாகலாம். இரண்டு அறை வீட்டில், கரண்ட்டையும் நெட்டையும் நம்பி, "யாரும் கதவைத் தட்டாதீங்க" என்று அப்பத்தாவிடம் சொல்லிவிட்டு உட்கார்வது லேசுப்பட்ட காரியமில்லை. மதுரைக்குப் போய்த் தேர்வு மையத்தில் எழுதுவது நிம்மதி. வீட்டில்தான் என்றால், பாஞ்சாலங்குறிச்சிக்காரர்கள் சித்திரையில் வீரசக்கதேவி கோயில் விழா நாட்களில் தேதி போட வேண்டாம். மைக்செட் சத்தத்துக்கு விளக்கம் சொன்னால் கண்காணிப்பாளருக்குப் புரியாது.