சிபிலைத் தவிர இன்னும் மூன்று பதிவேடுகள்

இந்தியாவில் மக்களின் கடன் வரலாற்றைத் திரட்டி வைக்க ரிசர்வ் வங்கியிடம் பதிவுபெற்ற நிறுவனங்கள் நான்கு. 2000-இல் தொடங்கப்பட்டு இன்று டிரான்ஸ்யூனியன் சிபில் என்ற பெயரில் இயங்குவதை எல்லோரும் அறிவார்கள். எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்ற மற்ற மூன்றும், 2005-ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் 2010-இல் அனுமதி பெற்றவை. கோவையிலும் திருப்பூரிலும் கடன் என்றாலே 'சிபில் எப்படி இருக்கு?' என்றுதான் கேட்கிறார்கள். ஆனால் சில நிறுவனங்கள் மற்ற மூன்றில் ஒன்றைப் பார்த்தும் முடிவெடுக்கின்றன. சிபிலில் நல்ல மதிப்பெண் வைத்திருப்பவரின் விண்ணப்பம் வேறொரு பதிவேட்டில் உள்ள பிழையால் தள்ளப்படலாம்.

கொங்கு கிராமங்களில் இந்த மூன்றில் அதிகம் கவனிக்க வேண்டியது கிரிஃப் ஹைமார்க். 2010-இல் ஆந்திராவில் நுண்கடன் நெருக்கடி வெடித்தது. ஒரே பெண்ணுக்குப் பல நிறுவனங்கள் மாறி மாறிக் கடன் கொடுத்ததும், அதைப் பார்த்துக்கொள்ள ஒரு பொதுப் பதிவேடு இல்லாததும் அதன் காரணங்களில் அடங்கும். ஹைமார்க் அதற்கு அடுத்த ஆண்டே நுண்கடனுக்கென்று தனிப் பதிவேட்டைத் தொடங்கியது. இரண்டு நுண்கடன் நிறுவனங்களுக்கு மேல் ஒருவருக்குக் கடன் தரக்கூடாது என்று அப்போது விதி வந்தது. 2022 ஏப்ரலில் அந்த முறை மாறியது. ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பத்தின் மாதத் தவணைகள் எல்லாம் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது என்பதே இன்றைய வரம்பு. குழுவாக உட்கார்ந்து வாங்கும் கடன்கூட ஒவ்வொரு பெண்ணின் பெயரிலும் தனித்தனியாகப் பதிவாகிறது. இது குழுவில் பலருக்குத் தெரியாது.

நான்கு நிறுவனங்களும் பதிவு செய்வது ஏறக்குறைய ஒன்றே. நகைக்கடன், வாகனக் கடன், கிரெடிட் கார்டு, வீட்டுக் கடன் ஆகியவற்றில் வாங்கிய தொகை, பாக்கி, ஒவ்வொரு மாதமும் டியூ எத்தனை நாள் தள்ளியது, எந்த நிறுவனம் எப்போது விசாரித்தது என்பவை அதில் இருக்கும். மச்சானின் லாரிக் கடனுக்குப் போட்ட ஜாமீன் கையெழுத்தும் அதில் ஏறும். பாதித் தொகை கட்டி 'செட்டில்மென்ட்' முடித்த கடன், முழுதும் அடைத்த கடனாகக் கணக்கில் வராது. இந்தத் தகவல்களைக் குறைந்தது ஏழாண்டு வைத்திருக்க வேண்டும் என்பது விதி. தொழில் நிறுவனங்களுக்குத் தனி அறிக்கை உண்டு. சிபில் அவற்றுக்கு 1 முதல் 10 வரை தரம் இடுகிறது. 1 என்றால் ஆபத்து மிகக் குறைவு.

எதை அவை பார்ப்பதில்லை என்பது கொங்கு நாட்டுக்கு இன்னும் முக்கியம். சேமிப்புக் கணக்கின் இருப்பு அதில் இல்லை. தனியார் பைனான்ஸ், ஊர்ச் சீட்டு, ஈரோட்டு மஞ்சள் மண்டியில் வாங்கிய முன்பணம், நூல் வியாபாரி தந்த கடன் எதுவும் இல்லை. சோமனூரிலோ பல்லடத்திலோ தறி ஓட்டும் ஒருவர் நூல் கடனை முப்பது ஆண்டு நாணயமாக அடைத்திருந்தாலும் பதிவேட்டில் அவர் கடன் வரலாறே இல்லாதவர். இது அவருக்கு இழைக்கப்படும் அநீதி. முதல்முறை கடன் கேட்பவரை, வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக மறுக்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2025 ஜனவரியில் கூறியிருப்பதை இத்தகையோர் வங்கியில் எடுத்துச் சொல்லலாம்.

நான்கு அறிக்கைகளும் வேறுபடுவதற்குக் காரணங்கள் உண்டு. எல்லா வங்கிகளும் நான்கிலும் உறுப்பினராக வேண்டும் என்ற உத்தரவு 2015 ஜனவரியில்தான் வந்தது. அதற்கு முந்தைய கடன் ஓரிடத்தில் மட்டும் இருக்கலாம். மதிப்பெண் 300 முதல் 900 வரை என்றாலும் கணக்கிடும் முறை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பெயர்க் குழப்பம் வேறு. ஆதாரில் இன்ஷியலோடும் பான் அட்டையில் தந்தை பெயரோடும் இருக்கும் பழனிசாமி ஒருவரே இரண்டு ஆளாகப் பதிவாகலாம். அதே ஊர்ப் பழனிசாமி இன்னொருவரின் பாக்கி இவர் தலையில் ஏறவும் கூடும். பிறந்த தேதி, முகவரி, கைப்பேசி எண் மூன்றையும் சரிபார்ப்பது அதனால் அவசியம்.

நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். 2017 முதல் இது நடைமுறை. சொந்த அறிக்கையைப் பார்ப்பதால் மதிப்பெண் குறையாது. பிழை இருந்தால் அந்தப் பதிவேட்டை நடத்தும் நிறுவனத்திடமோ கடன் தந்த வங்கியிடமோ புகார் செய்யலாம். பதிவேட்டு நிறுவனம் தானாகத் திருத்தாது. வங்கி உறுதிசெய்த பிறகே மாற்றும். 30 நாளில் தீராவிட்டால், 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதிப்படி, தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் புகார்தாரருக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும். அதற்கும் அசையாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது.