பழைய கணினியைக் கழிக்குமுன் பழுதைக் கண்டறிவோம்

இடம்பெயர்ந்து வாழும் எமது குடும்பங்கள் பலவற்றில் இன்று ஒரு மேசைக் கணினி இருக்கிறது. பெரும்பாலும் அது புதிதாக வாங்கியதல்ல. வெளிநாட்டிலுள்ள உறவினர் அனுப்பியதாகவோ, ஓர் அலுவலகம் கழித்துவிட்டதாகவோ, பிள்ளையின் படிப்புக்காகப் பாவித்த விலைக்கு எடுத்ததாகவோ இருக்கும். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பாடநூல்களை அதில் இறக்கித் தமிழிலேயே படிக்கலாம். சாதாரண தரத்தில் தகவல், தொடர்பாடல் தொழினுட்பம் படிக்கும் பிள்ளைக்கு அதுவே செய்முறைக் கூடம். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ் என்பவற்றின் பிரதிகளும் பல வீடுகளில் அதற்குள்தான் இருக்கின்றன.

அக்கணினி ஒருநாள் இயங்க மறுத்தால், "இது இனி உதவாது, புதிதாக வாங்குங்கள்" என்ற ஆலோசனை எளிதில் கிடைக்கும். ஆனால் நீர் இறைக்கும் இயந்திரம் தண்ணீர் எடுக்காவிட்டால் நாம் உடனே இயந்திரத்தை விற்பதில்லை. எண்ணெய் இருக்கிறதா, பிளக்கில் பொறி வருகிறதா, குழாயில் காற்றுப் புகுந்ததா, அடிவால்வில் குப்பை அடைத்ததா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறோம். கணினிக்கும் அதே முறைதான். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்தால் பழுது எங்கே என்று தெரியும். பெரும்பாலும் அது ஒரு சிறு பாகத்திலேயே இருக்கும்.

ஆவணங்களே முதலில்

கணினியின் எந்தப் பாகத்தையும் கடையில் மாற்றலாம். அதற்குள் இருக்கும் ஆவணங்களை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. ஆகையால் கணினி நன்றாக இருக்கும்போதே உறுதி, காணி வரைபடம், அனுமதிப்பத்திரம், அடையாள அட்டை, சான்றிதழ்கள் ஆகியவற்றை ஒரு பென் டிறைவில் பிரதி செய்யுங்கள். இன்னொரு பிரதியை வேறு ஊரிலுள்ள நம்பிக்கையான உறவினரிடம் கொடுத்து வையுங்கள். ஒரே வீட்டில் இரண்டு பிரதிகள் இருந்தால், வெள்ளமோ தீயோ வரும்போது இரண்டும் ஒன்றாகவே போய்விடும்.

கணினியிலுள்ள படம் மூல உறுதிக்கு ஈடாகாது. எனினும் உறுதி இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர் ஆகிய மூன்றும் அதில் தெளிவாகத் தெரிந்தால், மூலம் தொலைந்தாலும் காணிப் பதிவகத்தில் தேடிப் பிரதி எடுக்க வழி உண்டு. இந்த மூன்றையும் ஒரு கொப்பியிலும் எழுதி வையுங்கள்.

மின்சாரத்தைக் கவனியுங்கள்

எமது நாட்டில் வீட்டு மின்சாரம் 230 வோல்ற் ஆகும். கனடாவில் அது 120 வோல்ற். அங்கிருந்து வந்த பழைய கணினிகள் சிலவற்றின் பின்புறத்தில் 115, 230 என்று எழுதிய ஒரு சிறு ஆளி இருக்கும். அது 115 இல் இருக்கும்போது இங்கே மின்சாரம் கொடுத்தால் பவர் சப்ளை எரிந்துவிடும். பிளக்கைச் செருகுமுன் அந்த ஆளியை 230 க்குத் தள்ளுங்கள். "100-240" என்று எழுதியிருந்தால் மாற்ற எதுவும் இல்லை.

கணினியின் தகரப் பெட்டியைத் தொடும்போது கையில் சுரீர் என்றால், எர்த் எனப்படும் புவித்தொடுப்பு இல்லை என்று கருத வேண்டும். தற்காலிக வீடுகளிலும், அயல் வீட்டிலிருந்து நீண்ட வயரில் மின்சாரம் எடுத்த இடங்களிலும் இது அடிக்கடி நேர்கிறது. அதைச் சிறு விடயமாக எண்ணாதீர்கள். மின்னியலாளரைக் கொண்டு சரிசெய்யும்வரை அக்கணினியைப் பிள்ளைகள் தொட விடாதீர்கள்.

ஏப்ரல் மாதத்திலும், ஒக்ரோபர், நவம்பர் மாதங்களிலும் பின்னேர இடிமின்னல் அதிகம். ஆளியை நிறுத்தினால் மட்டும் போதாது. பிளக்கையும், இணைய இணைப்பு வயரையும் கழற்றி வைக்க வேண்டும்.

இயங்காத கணினி

பெட்டியைத் திறக்குமுன் பிளக்கைக் கழற்றுங்கள். பின்பு கணினியின் ஆளியைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் உள்ளே எஞ்சிய மின்சாரம் குறையும். உடலிலுள்ள நிலைமின்சாரம் பாகங்களைக் கெடுக்காதிருக்க, முதலில் பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டுக்கொள்ளுங்கள். பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் ஒருபோதும் திறக்காதீர்கள். பிளக்கைக் கழற்றிய பின்பும் அதற்குள் ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கும்.

விளக்கும் எரியவில்லை, விசிறியும் சுழலவில்லை என்றால் முதலில் சுவரிலுள்ள பிளக்கில் வேறு ஒரு விளக்கைப் போட்டுப் பாருங்கள். பின்பு கணினியின் வயரை மாற்றிப் பாருங்கள். இரண்டும் சரியென்றால் பவர் சப்ளையில் பழுது இருக்கலாம். அதை மட்டும் தனியாக மாற்றலாம்.

விசிறி சுழல்கிறது, திரையில் ஒன்றும் வரவில்லை, அல்லது பீப் என்ற ஒலி திரும்பத் திரும்பக் கேட்கிறது என்றால் முதலில் திரையின் வயரைப் பாருங்கள். அடுத்து றாம் எனப்படும் நினைவகத் தகட்டைக் கழற்றி, அதன் பொன்னிற விளிம்பைச் சுத்தமான அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்துத் துகளைத் தட்டிவிடுங்கள். மீண்டும் இரு பக்கக் கொளுவியும் 'கிளிக்' என்று விழும்வரை நேராக அழுத்துங்கள். இரண்டு தகடுகள் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். ஈரக்காற்றும் தூசியும் உள்ள இடங்களில் இந்த ஒரு வேலையே பல கணினிகளை மீண்டும் எழுப்பிவிடுகிறது.

சிறிது நேரம் இயங்கித் தானாக நின்றால் அது வெப்பத்தால் இருக்கலாம். மென்மையான தூரிகையால் விசிறியிலும் அதன் கீழுள்ள உலோகத் தகடுகளிலும் படிந்த தூசியை அகற்றுங்கள். அப்போது விசிறி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். தகரக் கூரை வீட்டில் நடுப்பகலைத் தவிர்த்துக் காலையிலோ மாலையிலோ பாவிப்பது நல்லது. பெட்டியைத் தரையில் வைக்காமல் ஒரு வாங்கின் மேல் வைத்தால் தூசியும் எறும்பும் குறையும்.

மின்சாரம் நின்று வந்தபின் திகதி தவறாகக் காட்டினால், இணையத்தளங்களும் திறக்க மறுத்தால், உள்ளே இருக்கும் வட்டப் பற்றறி தீர்ந்துவிட்டது. அனேக கணினிகளில் அது சிஆர் 2032 என்ற 3 வோல்ற் பற்றறியாகும். பழைய பற்றறியைப் பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள். விழுங்கினால் உணவுக்குழாயையே எரித்துவிடும்.

உள்ளே 'டிக், டிக்' என்று ஒலித்தால் ஹாட் டிஸ்க் பழுதாகிறது. அதைத் திரும்பத் திரும்ப இயக்காதீர்கள். முக்கியமான ஆவணங்களை மட்டும் முதலில் பிரதி செய்துவிட்டு நிறுத்துங்கள்.

மெதுவாக இயங்கும் கணினி

கையில் உள்ள பணம் ஒரு பாகத்துக்கு மட்டும் போதுமென்றால், முதலில் எஸ்எஸ்டி போடுங்கள் என்பதே எமது ஆலோசனை. பழைய ஹாட் டிஸ்க்கில் ஒரு தட்டுச் சுழன்று, ஊசி போன்ற முனை இடம் தேடி ஓட வேண்டும். எஸ்எஸ்டியில் சுழலும் பாகமே இல்லை. ஆகவே கணினி திறப்பதும் கோப்புகள் வருவதும் வெகு விரைவாகும். 240 அல்லது 256 ஜிகாபைற் அளவு ஒரு வீட்டுக்குப் போதும். ஒலியில்லாத பழைய டிஸ்க்கை எறியாமல் அதே பெட்டியில் இரண்டாவதாக வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது றாம். 2 ஜிகாபைற் மட்டும் இருந்தால் இன்றைய இணையத்துக்குப் போதாது. 4 இருந்தால் சமாளிக்கலாம். 8 இருந்தால் நிம்மதி. ஆனால் டிடிஆர் 3 உள்ள கணினிக்கு டிடிஆர் 4 பொருந்தாது. வெட்டு வேறிடத்தில் இருக்கும். பழைய தகட்டைக் கையோடு கொண்டு சென்று அதே வகையைக் கேளுங்கள். 32 பிற் விண்டோஸ் சுமார் 4 ஜிகாபைற்றுக்கு மேல் பாவிக்காது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

விண்டோஸ் 10 க்கான வழமையான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 ஒக்ரோபர் 14 உடன் நின்றுவிட்டன. அதனால் கணினி நின்றுவிடாது. ஆனால் இணையத்தில் ஆபத்து கூடும். விண்டோஸ் 11 க்கு ரிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் புதிய தலைமுறைச் செயலியும் வேண்டும். பல பழைய கணினிகளில் இவை இல்லை. அத்தகைய கணினிக்கு லினக்ஸ் மின்ட் போன்ற இலவச மென்பொருள் பொருந்தும். பென் டிறைவில் இருந்தே அதை இயக்கிப் பார்த்து, பிடித்தால் மட்டும் பதியலாம். பாமினி எழுத்தில் தட்டச்சு செய்த கடிதங்கள் இருந்தால் அந்த எழுத்துருவையும் எடுத்து வையுங்கள். அது இல்லாவிட்டால் தமிழுக்குப் பதில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தெரியும்.

கடைக்குக் கொண்டு செல்லும்போது

உள்ளே உள்ள றாம், டிஸ்க் ஆகியவற்றின் அளவையும் இலக்கத்தையும் தொலைபேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். என்ன பழுது, எப்போது தொடங்கியது என்று ஒரு கடதாசியில் எழுதிக் கொடுங்கள். "டிஸ்க்கை அழிக்க வேண்டாம்" என்பதையும் அதில் எழுதுங்கள். மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள். இரண்டு கடைகளில் விலை விசாரியுங்கள். மதர்போட்டே பழுதாகிவிட்டது என்றால் மட்டும், பாவித்த வேறு கணினியின் விலையோடு ஒப்பிட்டு முடிவு செய்யுங்கள்.

ஒரு கிராமத்தில் அல்லது ஒரு முகாமில் இரண்டு மூன்று இளைஞர்கள் இவ்வேலையைப் பழகினால் அது எல்லாக் குடும்பங்களுக்கும் உதவியாகும். ஒரு திருப்புளி, ஒரு தூரிகை, ஓர் அழிறப்பர், ஒரு பென் டிறைவ் இருந்தால் தொடங்கலாம். பழகும் பிள்ளைகளைப் பக்கத்தில் இருத்திக் காட்டிக்கொடுங்கள், பெண்பிள்ளைகளையும் சேர்த்து. இந்த வார இறுதியில் முதல் வேலையாக, உங்கள் வீட்டு உறுதியின் பிரதி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அது ஒரே இடத்தில் மட்டும் இருந்தால், இரண்டாவது பிரதியை அன்றே எடுத்து வையுங்கள்.