சொந்தக்காரர் எழுதும் வாழ்க்கைக் குறிப்பு

கவிஞரான என் மாமாவைப் பற்றி விக்கிப்பீடியாவில் ஒரு சிறு கட்டுரை உண்டு. பிறந்த ஆண்டு பிழையாக இருந்தது; திருத்தினேன். அத்தோடு நின்றிருக்கலாம். 'ஒப்பற்ற கவிஞர்' என்று சேர்த்தேன். அவரது நூலைக் குறைகூறிய வரியொன்றை அழித்தேன். மறுநாள் மூன்றும் பழையபடி! "ஆதாரம் எங்கே?" என்று எவரோ கேட்டிருந்தார். 'எங்கட மாமாவ எங்களுக்குத் தெரியாதா?' என்று கோபம்தான் வந்தது.

இதை நலமுரண் என்பார்கள். உறவினர் உண்மையையே எழுதினாலும், எதைச் சொல்வது, எதை விடுவது என்பதில் சாய்ந்துவிடுவார். விக்கிப்பீடியாவைத் தொடங்கிய ஜிம்மி வேல்ஸே 2005இல் தன்னைப் பற்றிய கட்டுரையில் கைவைத்தார். லாரி சாங்கரை இணை நிறுவுநர் என்ற குறிப்புகளை மாற்றினார். பக்க வரலாறு காட்டிக்கொடுத்தது, பின்னர் வருந்தினார்.

வழி இலகு. கட்டுரையைத் தொடாமல், அதன் உரையாடல் பக்கத்தில் 'நான் அவரது மருமகன்' என்று முதலில் சொல்ல வேண்டும். பிழையையும் அச்சில் வந்த ஆதாரத்தையும் காட்ட வேண்டும். திருத்துவதைப் பிறரிடம் விட வேண்டும். கூலிக்கு எழுதுபவரோ, பணம் தருபவர் யாரென்று வெளியிட்டே ஆகவேண்டும்.

நூலின் பின்னட்டையைக் காட்டினேன், ஆண்டு திருந்தியது. குறைகூறிய வரி அப்படியே இருக்கிறது.

நம் எழுத்தாளர் பலரின் விபரங்கள் குடும்பத்தாரிடமே கிடக்கின்றன. அவற்றை முதலில் சஞ்சிகைகளில் அச்சேற்றுவோம்; பிறர் எடுத்தெழுத அதுவே ஆதாரமாகும்.