ராட்சதக் கப்பல் கரையைத் தொடும் வேகம் அரை சாண்!
இடிச்சா போச்சு... கிரேனே சரிந்து விழும்

சென்னை துறைமுகம் பாரதி டாக்குக்கு கச்சா எண்ணெய் ஏற்றிக்கொண்டு ராட்சதக் கப்பல்கள் வருகின்றன. இவ்வளவு பெரிய கப்பல் கடைசியில் கரையைத் தொடும்போது என்ன வேகத்தில் வர வேண்டும் தெரியுமா?

வினாடிக்கு சுமார் 10 சென்டி மீட்டர். அதாவது அரை சாண்! நிமிடத்துக்கு 6 மீட்டர்தான். தவழும் குழந்தைகூட முந்திவிடும்.

நாலு மடங்கு அடி

1 லட்சம் டன் கப்பலுக்கு பிரேக் கிடையாது. என்ஜினைப் பின்னோக்கி ஓட்டினாலும் சட்டென்று நிற்காது.

வேகம் 2 மடங்கு ஆனால் மோதும் சக்தி 4 மடங்கு ஆகும். வேகம் 3 மடங்கானால் அடி 9 மடங்கு! கப்பலோடு சேர்ந்து நகரும் தண்ணீரும் தன் பங்குக்குத் தள்ளும்.

கரையோரம் 'பெண்டர்' என்ற கனத்த ரப்பர் மெத்தைகள் இருக்கின்றன. இவ்வளவு அடிதான் தாங்கும் என்று கணக்குப் போட்டுத்தான் பொருத்துகிறார்கள். கணக்கு மீறினால் ரப்பர் கிழியும், காங்கிரீட் உடையும், கப்பல் வயிற்றில் ஓட்டை விழும். உள்ளே எண்ணெய் இருந்தால்... கேட்கவே வேண்டாம்.

பூசானில் நடந்தது

2020 ஏப்ரல் 6-ந்தேதி தென் கொரியாவில் பூசான் புதிய துறைமுகத்துக்கு 'மிலானோ பிரிட்ஜ்' என்ற கண்டெய்னர் கப்பல் வந்தது. நீளம் 360 மீட்டருக்கு மேல்.

சரக்கு இல்லாததால் கப்பல் தண்ணீருக்கு மேலே தூக்கி நின்றது. புரொப்பெல்லரின் மேல் பாகம் வெளியே தெரிந்தது. பாதி தண்ணீரிலும் பாதி காற்றிலும் சுற்றுகிற புரொப்பெல்லர் எப்படி இழுத்து நிறுத்தும்? போதாக்குறைக்கு வேகமும் ஜாஸ்தி.

கப்பலின் பின்பக்கம் கரையில் நின்ற ராட்சத கிரேனில் மோதியது. அவ்வளவுதான். கிரேன் மடிந்து சரிந்தது. அந்த வீடியோவை உலகமே பார்த்தது.

பைலட் கையில்

இதற்காகத்தான் துறைமுகத்துக்கு வெளியிலேயே 'பைலட்' கப்பலில் ஏறிக்கொள்கிறார். இவர் விமானம் ஓட்டுகிறவர் அல்ல. உள்ளூர் கடலின் ஆழமும் காற்றும் இவருக்கு அத்துப்படி. கேப்டன் பக்கத்தில் நின்று வழி சொல்வார்.

'டக்' என்னும் இழுவைப் படகுகள் இழுத்தும் தள்ளியும் கப்பலைக் கரைக்கு நேராகக் கொண்டுவரும். பிறகு பக்கவாட்டில் மெல்ல மெல்ல நகர்த்தும். காற்று பலமாக அடித்தால் டக் எண்ணிக்கை கூடும். சின்னக் கப்பல் என்றால் வேகம் கொஞ்சம் கூடினாலும் பாதகமில்லை.

வெளிநாட்டு எண்ணெய்த் துறைகள் பலவற்றில் லேசர் கருவி வேகத்தை அளந்து பெரிய போர்டில் காட்டுகிறது.

கப்பல் பெண்டரைத் தொட்டதும் கரையில் காத்திருக்கும் தொழிலாளர்கள் கனத்த கயிறுகளை வாங்கி இரும்புத் தூண்களில் மாட்டுவார்கள். எல்லாக் கயிறும் இறுகிய பிறகுதான் பைலட் ஏணியில் இறங்குவார்.