யூதர் வீட்டில் பிள்ளை பிறந்தால்... தகப்பனுக்கு 6 கடமைகள்!

பிள்ளை பிறந்துவிட்டது. தாய்க்கு மருந்து, பத்தியம், ஓய்வு. பாட்டிக்குக் குழந்தையைக் குளிப்பாட்டும் வேலை. அத்தைக்குத் தொட்டில் கட்டும் வேலை. சரி, தகப்பனுக்கு என்ன வேலை?

தாம்பரத்திலும் பல்லாவரத்திலும் குரோம்பேட்டையிலும் ஆஸ்பத்திரி வாசலைப் பார்த்தால் இதற்குப் பதில் தெரியும். மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடுவார். பணம் கட்டுவார். சர்க்கரை வாங்கி வந்து எல்லாருக்கும் கொடுப்பார். பிறகு, நடப்பதை எல்லாம் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருப்பார்!

யூதர் வீட்டில் அப்படி ஓரமாக நிற்க முடியாது. "தகப்பனே, இது உன் வேலை" என்று அவர்கள் சட்டம் பட்டியல் போட்டு வைத்திருக்கிறது. "தால்முத்" என்ற அவர்களது சட்ட நூலில் அந்தப் பட்டியல் இருக்கிறது. அந்த நூல் தொகுக்கப்பட்டு சுமார் 1,500 ஆண்டுகள் ஆகின்றன.

மகனுக்கு விருத்தசேதனம் செய்விக்க வேண்டும். தலைப்பிள்ளை என்றால் அவனை மீட்க வேண்டும். வேதம் கற்றுக்கொடுக்க வேண்டும். கல்யாணம் செய்துவைக்க வேண்டும். ஒரு தொழில் கற்றுத்தர வேண்டும். இவை 5 கடமைகள். ஆறாவதாக, நீச்சல் கற்றுத்தர வேண்டும் என்றும் சில பெரியோர்கள் சேர்த்திருக்கிறார்கள்!

ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

8-வது நாள்

ஆண் குழந்தை பிறந்த 8-வது நாள், யூதர் வீட்டில் பெரிய விழா. ஆபிரகாம் தன் மகன் ஈசாக்குக்கு 8-வது நாளில் விருத்தசேதனம் செய்தார் என்று பைபிளின் பழைய ஏற்பாடு சொல்கிறது. அந்த வழக்கம் இன்றுவரை தொடர்கிறது.

நாள் எண்ணுவதில் ஒரு கணக்கு உண்டு. யூதர்களுக்குச் சூரியன் மறைந்தால் அடுத்த நாள் தொடங்கிவிடும். செவ்வாய்க்கிழமை பகலில் பிறந்த குழந்தைக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை விழா. செவ்வாய் இரவில் பிறந்தால் அடுத்த வாரம் புதன்கிழமை. யூதர்கள் சனிக்கிழமை எந்த வேலையும் செய்யமாட்டார்கள். ஆனால், 8-வது நாள் சனிக்கிழமையில் வந்தாலும் பொதுவாக இந்தச் சடங்கு நிற்காது.

சட்டப்படி இதைத் தகப்பனே செய்ய வேண்டும். எல்லாருக்கும் அந்தக் கைப்பழக்கம் இருக்குமா? அதனால், பயிற்சி பெற்ற ஒருவரைத் தகப்பன் தன் சார்பில் நியமிக்கிறார். அவருக்கு "மோகெல்" என்று பெயர். தகப்பன் பக்கத்திலேயே நின்று, தன் வாயால் நன்றி மந்திரம் சொல்ல வேண்டும்.

குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள ஒருவர் வேண்டும். நம் ஊரில் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் காது குத்துகிறோம் அல்லவா? அங்கே பெரும்பாலும் தாத்தாவுக்கு அந்தப் பெருமை கிடைக்கும். பக்கத்தில் இன்னொரு நாற்காலி காலியாக இருக்கும். அது எலியா தீர்க்கதரிசிக்கு! ஒவ்வொரு குழந்தையின் விழாவுக்கும் அவர் கண்ணுக்குத் தெரியாமல் வந்து உட்காருகிறார் என்பது நம்பிக்கை.

குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றால்? சடங்கைத் தள்ளிப்போட வேண்டும். குழந்தை தேறிய பிறகுதான் விழா. இதில் சட்டம் மிகவும் கண்டிப்பானது. ஒரு தாய்க்குப் பிறந்த முந்தைய ஆண் குழந்தைகள் இந்தச் சடங்கினால் இறந்திருந்தால், அடுத்த குழந்தைக்கு அதைச் செய்யக்கூடாது. அந்தத் தாயின் சகோதரிகளுடைய குழந்தைகளைப் பற்றியும் அந்த நூல் எச்சரிக்கிறது. ரத்தம் உறையாத நோய் தாய் வழியாக வரக்கூடும் என்று இன்றைய டாக்டர்கள் சொல்கிறார்கள். அந்தக் காலத்துப் பெரியவர்கள் அதைக் கண்ணால் பார்த்தே கவனித்திருக்கிறார்கள்!

பிள்ளையா, வெள்ளியா?

ஒரு தாயின் முதல் குழந்தை ஆணாக இருந்தால், ஒரு மாதம் கழிந்ததும் இன்னொரு சடங்கு. தலைப்பிள்ளை கடவுளுக்கு உரியவன் என்பது யூதர் நம்பிக்கை. அவனைத் தகப்பன் காசு கொடுத்து மீட்க வேண்டும்!

ஆசாரியர் குலத்தில் வந்த ஒருவர் வருவார். அவர் முன்னால் குழந்தையையும் 5 வெள்ளிக் காசுகளையும் வைப்பார்கள். மொத்தம் சுமார் 100 கிராம் வெள்ளி. இந்தப் பிள்ளை வேண்டுமா, இந்த வெள்ளி வேண்டுமா என்று ஆசாரியர் கேட்பார். எந்தத் தகப்பன் வெள்ளியைக் கேட்பான்? வெள்ளியைக் கொடுத்துவிட்டுப் பிள்ளையை வாங்கிக்கொள்வார்.

இது விளையாட்டுப் போலத் தோன்றும். ஆனால், ஊர் முன்னால் தகப்பன் சொல்லும் அந்த ஒரு பதில் சாதாரணமானது அல்ல. பணத்தைவிடப் பிள்ளை பெரிது என்று அவர் வாக்குக் கொடுக்கிறார்.

வயிற்றைக் கீறி எடுத்த குழந்தைக்கு இந்தச் சடங்கு கிடையாது. ஆசாரியர் குலத்துப் பிள்ளைகளுக்கும் கிடையாது.

பெண் குழந்தை பிறந்தால், தகப்பன் ஜெப ஆலயத்துக்குப் போவார். வேதம் படிக்கும்போது அவரை மேடைக்கு அழைப்பார்கள். அங்கே குழந்தையின் பெயர் சபைக்கு அறிவிக்கப்படும். தாய்க்கும் சேய்க்கும் எல்லாரும் வாழ்த்துச் சொல்வார்கள்.

பெயர் வைப்பதில் ஊருக்கு ஊர் வழக்கம் மாறும். ஐரோப்பிய யூதர்களில் பலர், உயிரோடு இருப்பவர் பெயரை வைக்கமாட்டார்கள். இறந்துபோன பெரியவர் பெயரையே வைப்பார்கள். கீழ்நாட்டு யூதர்களோ, கண்ணெதிரே உட்கார்ந்திருக்கும் தாத்தாவின் பெயரையே பேரனுக்கு வைப்பார்கள். நம் வழக்கமும் அதுதானே? பெயரை உடையவன் என்பதால்தான் "பெயரன்"! அதுவே "பேரன்" ஆயிற்று.

அவலும் தேங்காயும்

யூதர்கள் எங்கோ தூர தேசத்தில் இருப்பவர்கள் என்று நினைக்கிறீர்களா? நம் நாட்டிலேயே பல நூற்றாண்டுகளாக இருக்கிறார்கள்.

சென்னையில்கூட இருந்தார்கள். 1688-ம் ஆண்டில் சென்னை மாநகராட்சி தொடங்கியபோது, அதன் 12 ஆல்டர்மென்களில் யூத வியாபாரிகளும் இருந்தார்கள். வைரமும் பவழமும் அவர்கள் வியாபாரம். பவழக்காரத் தெரு என்ற பெயர் அந்தக் காலத்தை நினைவூட்டுகிறது. லாயிட்ஸ் ரோட்டில் அவர்களுடைய சிறிய கல்லறைத் தோட்டம் உண்டு.

பம்பாய்ப் பக்கத்து யூதர்களுக்கு "பெனே இஸ்ரேல்" என்று பெயர். முன்பு கொங்கணக் கரையில் எண்ணெய்ச் செக்கு ஆட்டி வாழ்ந்தார்கள். சனிக்கிழமை மட்டும் செக்கு ஓடாது. அதனால் ஊரார் அவர்களைச் "சனிவார் தேலி" என்றார்கள். சனிக்கிழமை வாணியர் என்று பொருள். மும்பை, தானே பக்கத்தில் இன்றும் சில ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

இவர்கள் வீட்டில் பிள்ளை பிறந்தாலும், கல்யாணம் நடந்தாலும், நோயாளி தேறினாலும் "மலிதா" என்ற படையல் வைப்பார்கள். அவலை நனைத்து, தேங்காய்த் துருவலும் சர்க்கரையும் ஏலக்காயும் சேர்ப்பார்கள். சுற்றிலும் பழங்கள். எலியா தீர்க்கதரிசியின் பெயரைச் சொல்லி நன்றிப் பாட்டுப் பாடி, எல்லாரும் பங்கிட்டுச் சாப்பிடுவார்கள். வேதம் எருசலேமில் இருந்து வந்தது. அவலும் தேங்காயும் நம் மண்ணில் விளைந்தவை!

எழுத்தின்மேல் தேன்

விழா முடிந்தது. விருந்து முடிந்தது. தகப்பனின் வேலை முடிந்ததா? இனிமேல்தான் ஆரம்பம்.

பிள்ளைக்கு எழுத்தும் வேதமும் கற்றுக்கொடுப்பது மூன்றாவது கடமை. தகப்பனுக்கு நேரம் இல்லை என்றால் வாத்தியார் வைக்கலாம். ஆனால், பொறுப்பு தகப்பனுடையதுதான். நாம் அரிசியைப் பரப்பிப் பிள்ளையின் விரலைப் பிடித்து "அ" எழுதவைக்கிறோம். முற்காலத்தில் ஜெர்மனி, பிரான்ஸ் நாட்டு யூதர்கள் பலகையில் எழுத்துகளை எழுதி, அவற்றின்மேல் தேன் தடவுவார்கள். பிள்ளை அதை நக்கிச் சுவைக்கும். படிப்பு இனிக்கும் என்று அது முதல் நாளே தெரிந்துகொள்ளும்!

நான்காவது கடமை, கல்யாணம். அது நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஐந்தாவது, தொழில். மகனுக்குக் கைத்தொழில் கற்றுத்தராத தகப்பன் அவனைத் திருடப் பழக்கியவன் ஆவான் என்று ஒரு பெரியவர் கடுமையாகவே எச்சரித்திருக்கிறார்.

ஆறாவது, நீச்சல். "இதுவும் ஒரு கடமையா?" என்று சிரிக்கலாம். தண்ணீரில் விழுந்த பிள்ளையைக் காப்பாற்றத் தகப்பன் எப்போதும் கூடவே இருக்க முடியுமா? பிள்ளை தானே கரை சேர வேண்டும். 2015-ம் ஆண்டு டிசம்பரில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் தெருவே ஆறாக ஓடியதைப் பார்த்தவர்கள் சிரிக்கமாட்டார்கள்.

மகனுக்கு 13 வயது ஆனதும், தன் செயலுக்குத் தானே பொறுப்பு என்ற நிலைக்கு அவன் வருகிறான். அன்று தகப்பன், தன் தோளில் இருந்த பாரம் இறங்கியதற்கு நன்றி சொல்வார். ஆனால், வெள்ளிக்கிழமை மாலையில் விளக்கு ஏற்றியதும் பிள்ளைகளின் தலையில் கை வைத்து வாழ்த்தும் வழக்கம் அதன் பிறகும் நிற்காது. மகனுக்கும் உண்டு, மகளுக்கும் உண்டு.

கொச்சி வக்கீல்

இந்தக் கடமையை ஒருவர் செய்ய நினைத்து, ஊரே குறுக்கே நின்றால்? அப்படி ஒரு தகப்பன் கொச்சியில் இருந்தார்.

கொச்சி யூதர்களிடம் பழைய செப்பேடு ஒன்று இருந்தது. சுமார் 1,000 ஆண்டுகளுக்கு முன் சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன், ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்குக் கொடுத்தது. வட்டெழுத்தில் எழுதியது. பல்லக்கும் குடையும் வாத்தியமும் வைத்துக்கொள்ளும் உரிமை அவருக்குக் கிடைத்தது. அவருக்கு மட்டும் அல்ல. அவருடைய ஆண் மக்களுக்கும், பெண் மக்களுக்கும், மருமக்களுக்கும் அது சேரும் என்று செப்பேடு சொல்கிறது.

மன்னர் எல்லாப் பிள்ளைகளுக்கும் உரிமை கொடுத்தார். ஆனால், பிற்காலத்தில் யூதர்களுக்குள்ளேயே வேற்றுமை புகுந்தது! மட்டாஞ்சேரியில் 1568-ம் ஆண்டில் கட்டிய பரதேசி ஜெப ஆலயம் இருக்கிறது. முன்னோர் அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்கள் என்று சொல்லி, சில குடும்பங்களை அங்கே ஒதுக்கி வைத்தார்கள். அவர்கள் மற்றவர்களோடு சமமாக உட்கார முடியாது. வேதம் படிக்க அவர்களை மேடைக்கு அழைப்பதில்லை. பெண் கொடுப்பதில்லை, எடுப்பதும் இல்லை.

அப்படி ஒரு குடும்பத்தில் 1882-ம் ஆண்டில் பிறந்தவர் ஆபிரகாம் பராக் சேலம். தாயின் வளர்ப்பில் வளர்ந்தவர். சென்னைக்கு வந்து படித்து, பி.ஏ. பட்டம் வாங்கினார். கொச்சி யூதர்களில் முதல் பட்டதாரி அவரே. இங்கேயே சட்டமும் படித்து, ஊருக்குத் திரும்பி வக்கீல் ஆனார். கொச்சி சட்டசபையிலும் உறுப்பினராக இருந்தார்.

சட்டசபையில் அவருக்கு நாற்காலி உண்டு. ஜெப ஆலயத்தில் சம இடம் இல்லை! அவரும் தகப்பன் ஆனார். வேதம் கற்றுக்கொடு என்று சட்டம் சொல்கிறது. கற்றுக்கொடுத்தால் மட்டும் போதுமா? கற்ற பிள்ளை சபையில் நின்று படிக்க வேண்டாமா?

சேலம் கத்தியைத் தூக்கவில்லை. காந்தியடிகளின் வழியைப் பிடித்தார். சில காலம் ஜெப ஆலயத்துக்குப் போகாமல் புறக்கணித்தார். சத்தியாக்கிரகம் செய்தார். அவரை "யூத காந்தி" என்று பிற்காலத்தில் அழைத்தார்கள். 1930-களின் நடுவில் பழைய தடைகள் பல தளர்ந்துவிட்டன.

கல்யாணத் தடை மட்டும் எளிதில் போகவில்லை. 1950-ம் ஆண்டில் அவருடைய மகன் ஒருவருக்கும், பரதேசி யூதர் வீட்டுப் பெண்ணுக்கும் கல்யாணம். கொச்சியில் நடத்த முடியவில்லை. பம்பாய்க்குப் போய்த்தான் நடத்தினார்கள். ஆனாலும், கல்யாணம் நடந்தது! நான்காவது கடமையும் நிறைவேறியது.

இஸ்ரேல் நாடு 1948-ம் ஆண்டில் பிறந்தது. அதன் பிறகு கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் அங்கே குடியேறிவிட்டார்கள். சேலம் கொச்சியிலேயே இருந்து, 1967-ம் ஆண்டில் காலமானார். யூதர்களின் கூட்டு வழிபாட்டுக்கு 10 ஆண்கள் வேண்டும். இன்று மட்டாஞ்சேரியில் அத்தனை பேர் இல்லை. வெளியூர்க்காரர்கள் வந்தால்தான் உண்டு.

நமக்கும் உண்டு

மதம் வேறு, சடங்கு வேறு. தகப்பன் மனம் ஒன்றுதான். பிள்ளையைச் சான்றோன் ஆக்குவது தந்தையின் கடமை என்று நம் பெரியோர்களும் 2,000 ஆண்டுகளுக்கு முன்பே சொல்லியிருக்கிறார்கள்.

புதிதாகத் தகப்பன் ஆனவர்களே! பணம் கட்டுவதோடும் சர்க்கரை கொடுப்பதோடும் உங்கள் வேலை முடிந்துவிடவில்லை. குழந்தையை நீங்களும் தூக்குங்கள். இரவில் அழுதால் நீங்களும் எழுந்திருங்கள். மகனோ மகளோ, எழுத்துக் கற்றுக்கொடுங்கள், தொழில் கற்றுக்கொடுங்கள், முடிந்தால் நீச்சலும் கற்றுக்கொடுங்கள். அந்தப் பிள்ளை நாலு பேருக்கு நடுவே சமமாக உட்கார இடம் இல்லை என்றால், அந்த இடத்தை வாங்கிக்கொடுப்பதும் உங்கள் கடமைதான்.