பேரண்ட வீக்கம்: எந்தக் கணக்கு மெய்?

பேரண்டம் பிறந்த முதற்கணத்தில், கண்ணிமைப்பினும் மிகமிகக் குறுகிய பொழுதில், அளவிறந்து வீங்கிற்று என்பர் வானநூலார். 1981-இல் ஆலன் கூத் கூறிய இக்கொள்கையைப் பலரும் ஏற்கின்றனர். எவ்விதம் வீங்கிற்று என்பதில்தான் வழக்கு, மாதிரிகளோ பற்பல.

யாரும் காணாத நிகழ்ச்சிக்குச் சான்று, வானெங்கும் பரவியுள்ள தொல் நுண்ணலைக் கதிர்வீச்சே. அதிலுள்ள இலட்சத்தில் ஒரு பங்கு வெப்ப வேறுபாடுகள் ஆதி அடர்த்தி ஏற்றத்தாழ்வின் சுவடுகள். வீக்கம் ஈர்ப்பலைகளையும் எழுப்பியிருப்பின், அவை அக்கதிரின் அதிர்வுத் திசையில் மெல்லிய சுழற்கோலம் இட்டிருக்கும். ஈர்ப்பலைக்கும் அடர்த்தி ஏற்றத்தாழ்வுக்கும் உள்ள வலிமை விகிதம் மாதிரிக்கு மாதிரி வேறுபடும், அதுவே உரைகல்.

2014-இல் தென்துருவத்தில் ஆய்ந்த பைசெப் குழுவினர், விகிதம் 0.2 அளவில் உள்ளது என்றனர். எளிமைமிக்க இருபடி மாதிரிக்கு வாழ்வு வந்தது. மறு ஆண்டே பிளாங்க் விண்கல அளவைகளோடு ஒத்துப் பார்க்க, கண்டதிற் பெரும்பகுதி நம் பால்வீதித் தூசியே எனத் தெளிந்தது! அக்குழுவினர் தாமும் உடனிருந்து ஆய்ந்து அதனை ஒப்பினர், அது பெருந்தன்மை. 2021-இல் அவர்களே விகிதம் 0.036-க்குள் அடங்கும் என வரையறுத்தனர். ஏறத்தாழ 0.13 வேண்டிய இருபடி மாதிரி வீழ்ந்தது, 0.004-ஐ ஒட்டியே கேட்கும் ஸ்டரோபின்ஸ்கியின் 1980-ஆம் ஆண்டு மாதிரி தப்பியது.

ஒரே விகிதம் தரும் மாதிரிகளைப் பிரிப்பது எங்ஙனம்? ஏற்றத்தாழ்வுகளை மும்மூன்றாக எடுத்து இயைபு காண்பது ஒரு வழி. அதனைக் கணிக்கும் 'பிங்கோ' என்னும் கணினி நிரலைச் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்து ஸ்ரீராம்குமாரும் உடனாய்வாளரும் 2012-இல் அளித்தனர். பிளாங்க் அளவைகளில் அத்தகைய இயைபு தென்படவில்லை. அதனை மிகுதியாக வேண்டிய மாதிரிகளும் விலகின.