சூட்டில் கிளம்பாத கார்

சென்னை மாநகருக்குத் தெற்கே, தாம்பரத்துக்கும் வண்டலூருக்கும் இடையில் பெருங்களத்தூர் என்னும் ஊர் உள்ளது. நம் நாட்டு மோட்டார்த் தொழில் வரலாற்றில் இவ்வூருக்குத் தனியிடம் உண்டு. 1948-ஆம் ஆண்டில் தோன்றிய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்னும் நிறுவனம் இங்குத் தொழிற்சாலை அமைத்துக் கார்களைச் செய்துவந்தது. 1961-ஆம் ஆண்டில் வெளிவந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு அவற்றுள் பெயர் பெற்றது. இங்கிலாந்து நாட்டு டிரையம்ஃப் ஹெரால்டைத் தழுவி அமைந்த அக்கார், 948 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள எஞ்சினைக் கொண்டது. 1980-களின் இறுதியில் அந்நிறுவனத்தின் கார் உற்பத்தி நின்றுவிட்டது. ஆயினும், அக்கார்களைப் போற்றிக் காப்போர் இன்றும் உளர்.

இத்தகைய பழைய கார்களில் காணப்படும் குறை ஒன்று உண்டு. காலையில் முதல் முயற்சியிலேயே கிளம்பும் கார், கத்திரி வெயிலில் ஜி.எஸ்.டி. சாலை வழியே தாம்பரம் வரை ஓடிவந்து, கடை வாயிலில் கால்மணி நேரம் நின்றபின் கிளம்ப மறுக்கும். ஒரு மணி நேரம் கழிந்ததும், எக்குறையும் இல்லாததுபோல் ஓடும். இதற்குக் காரணம் வெப்பமே ஆகும்.

நின்ற வண்டி உடனே குளிரத் தொடங்கும் என்று பலரும் எண்ணுவர். உண்மை அதற்கு மாறானது. எஞ்சின் ஓடும்போது நீரோட்டமும் விசிறிக் காற்றும் அதைக் குளிர்விக்கின்றன. எஞ்சினை நிறுத்தியதும் அவ்விரண்டும் நின்றுவிடுகின்றன. இரும்பில் தேங்கிய வெப்பமோ அருகிலுள்ள கார்புரேட்டருக்கும் பெட்ரோல் பம்புக்கும் பரவுகிறது. ஆதலால், நின்ற சில நிமிடங்களில் அவ்வுறுப்புகள் முன்னிலும் மிகுதியாகச் சூடேறுகின்றன.

பெட்ரோல் பல நீர்மங்களின் கலவை. நீர் 100 பாகை செல்சியசில் கொதிக்கும். பெட்ரோலின் மெல்லிய பகுதிகளோ ஏறத்தாழ 35 பாகையிலேயே ஆவியாகத் தொடங்கும். சென்னையின் கோடை வெப்பமே சில நாள்களில் 40 பாகையைக் கடந்துவிடுகிறது. அவ்வாறாயின், எஞ்சினை ஒட்டியுள்ள குழாயில் பெட்ரோல் படும் பாட்டைக் கூறவும் வேண்டுமோ?

வெப்பத்தால் விளையும் கோளாறுகள் நான்கு வகைப்படும். முதலாவது, குழாயிலும் பம்பிலும் ஆவி நிறைந்துவிடுதல். ஹெரால்டின் பம்பு எஞ்சினின் பக்கத்திலேயே பொருத்தப்பட்டது. அது பின்புறத் தொட்டியிலிருந்து பெட்ரோலை உறிஞ்சுகிறது. நீர்மத்தைத் தள்ள வல்ல அப்பம்பு ஆவியைத் தள்ள இயலாமல் வெறுமனே இயங்கும். இரண்டாவது, கார்புரேட்டரின் கிண்ணத்தில் பெட்ரோல் கொதித்து, எஞ்சினுக்குள் வழிந்துவிடுதல். முன்னதில் எரிபொருள் போதாது. பின்னதில் அது அளவு கடந்துவிடும். மூன்றாவது, காயிலோ கண்டன்சரோ சூட்டில் தளர்ந்து, பிளக்கில் தீப்பொறி குன்றுதல். நான்காவது, ‘செல்ஃப்’ என வழங்கும் ஸ்டார்ட்டர் மோட்டார் சூட்டில் மெல்லச் சுழலுதல். உலோகக் கம்பி சூடேறினால் மின்தடை மிகும். பாட்டரி முனைகளில் பூத்த துருவும் அதற்குத் துணை செய்யும்.

இந்நான்கும் வெளித்தோற்றத்தில் ஒன்றே. கார் கிளம்பவில்லை என்பதே அது. மேலும், குளிர்ந்ததும் நான்கும் பெரும்பாலும் தாமே மறைந்துவிடும். பணிமனையை அடைவதற்குள் சான்று அழிந்துவிடுகிறது. அதனாலேயே பழுதற்ற பம்பைக் கழற்றிப் புதியது மாட்டிப் பொருளை இழப்போர் பலர். கோளாறு நிகழும் அவ்வேளையிலேயே ஆராய்தல் இன்றியமையாதது.

ஆராயும் முறை எளியது. முதலில், செல்ஃப் விரைந்து சுழல்கிறதா எனக் கேட்டறிய வேண்டும். மெல்லச் சுழன்றால் பாட்டரியையும் கம்பி இணைப்புகளையும் நோக்குக. நன்கு சுழன்றால், ஒரு பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். அது பெட்ரோலில் நனைந்திருந்தால் கார்புரேட்டர் வழிந்தது எனலாம். ஆயினும், தீப்பொறி இன்மையாலும் பிளக் நனையக்கூடும். உலர்ந்திருந்தால், பெட்ரோல் வந்து சேரவில்லை என்பது புலனாகும். ஆகவே, தீப்பொறியையும் சோதித்த பின்னரே முடிவுக்கு வருதல் வேண்டும். பெட்ரோல் சிந்திய இடத்தில் தீப்பொறியைச் சோதித்தல் பெருந்தீங்கு விளைக்கும். அது தேர்ந்த மெக்கானிக்கின் பணியாகும்.

நோய்க்கு ஏற்பவே மருந்தும் அமையும். வழிந்த எஞ்சினுக்குச் சோக்கைப் பயன்படுத்தாமல், ஆக்சிலரேட்டரை முழுதும் அழுத்திப் பிடித்துச் செல்ஃபை இயக்கினால், மிகுந்த பெட்ரோல் காற்றுடன் வெளியேறும். ஆவி அடைத்த பம்பின்மீது ஈரத்துணியைச் சுற்றி, பானெட்டைத் திறந்து வைத்துப் பொறுத்திருத்தல் நன்று. அவசரப்பட்டுக் கொதிக்கும் எஞ்சின்மீது குளிர்நீரைக் கொட்டினால் இரும்பு வெடிக்கக்கூடும். சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறந்தால் கொதிநீர் பீறிட்டு முகத்தை வேகவைக்கும்.

நிலையான தீர்வுகளும் உள. கார்புரேட்டரின் அடியில் வெப்பம் கடத்தாத தடித்த அட்டையை வைத்தல், பெட்ரோல் குழாயைப் புகைப்போக்கியிலிருந்து விலக்கி அமைத்தல், ரேடியேட்டரைத் தூய்மையாக வைத்தல் ஆகியவை அவை. இக்காலத்துப் பெட்ரோலில் எத்தனால் கலக்கப்படுகிறது. அது பழைய ரப்பர்க் குழாய்களை அரித்துக் கசியச் செய்யக்கூடும். சூடான எஞ்சினருகே கசிவு தீயாய் முடியும். ஆதலின் அக்குழாய்களை எத்தனாலைத் தாங்குவனவாக மாற்றுதல் கட்டாயமாகும்.

புதிய கார்களில் மின்சாரப் பம்பு பெரும்பாலும் தொட்டிக்குள்ளேயே அமைந்து, பெட்ரோலை அழுத்தத்துடன் முன்னே தள்ளுகிறது. அழுத்தம் மிகுந்தால் கொதிநிலையும் உயரும். அதனால் ஆவியடைப்பு அவற்றில் அரிதாயிற்று. பெட்ரோலின் இயல்பு மாறவில்லை. அதன் இயல்பை அறிந்து பொறியாளர் அமைப்பை மாற்றினர். பழைய காரைக் காப்போருக்கும் அவ்வறிவே துணையாகும்.